எழுபத்து நான்கு படிகள்

கல்யாண வீட்டில் எல்லோரும் சிரித்துக்கொண்டிருக்கும்போது ஒருவர் மட்டும் கண்ணைத் துடைத்துக்கொண்டால் என்ன நினைப்போம்? பெண்ணைப் பிரியப் போகும் தாயார், பாவம் என்று நினைத்துக்கொண்டு பந்தியைப் பார்க்கப் போய்விடுவோம். போன வருஷம் தை மாதம் என் அத்தையைப் பற்றி நானும் அப்படித்தான் நினைத்தேன். விஷயம் வேறு என்று பிறகுதான் தெரிந்தது. அதைத்தான் இந்த வாரம் உங்களிடம் சொல்லப் போகிறேன், சகோதரிகளே! அத்தையிடம் அனுமதி வாங்கியாகிவிட்டது. "என் பெயரை மட்டும் போட்டுவிடாதே, எடையை வேண்டுமானால் போட்டுக்கொள்" என்று சொல்லிவிட்டார்.

அத்தை பெண்ணுக்குத் திருவந்திபுரத்தில் கல்யாணம். கடலூருக்கு மேற்கே சில மைல் தூரத்தில், கெடில நதிக்கரையில் தேவநாத சுவாமி எழுந்தருளியிருக்கும் தலம் அது. நல்ல முகூர்த்த நாளாயிருந்தால் போதும். ஒரு மேளம் ஓய்வதற்குள் அடுத்த மேளம் கொட்டும். எந்த மாப்பிள்ளை எந்தப் பெண்ணுக்கு என்று நிமிர்ந்து பார்த்து உறுதி செய்துகொண்டு அட்சதை போட வேண்டும். அத்தனை கூட்டம்!

கோயிலுக்கு எதிரே சின்னதாக ஒரு குன்று. ஔஷதகிரி என்று பெயர். ஆஞ்சநேயர் சஞ்சீவி மலையைத் தூக்கிக்கொண்டு போனபோது அதிலிருந்து விழுந்த துண்டு இது என்பது தல புராணம். உச்சியில் ஹயக்ரீவர் சன்னிதி. வேதாந்த தேசிகருக்கு அருள் கிடைத்த இடம். பரீட்சைக்குப் போகும் பிள்ளைகளும், புதிதாக மாலை மாற்றிக்கொண்ட தம்பதிகளும் அங்கே ஏறிச் சேவித்துவிட்டு வருவார்கள். மொத்தம் எழுபத்து நான்கு படிகள்.

தாலி கட்டி முடிந்ததும் பெண்ணும் மாப்பிள்ளையும் படியேறினார்கள். பின்னாலேயே நாங்கள் எல்லோரும். பத்துப் படி ஏறித் திரும்பிப் பார்த்தால் அத்தையைக் காணவில்லை. கீழே முதல் படியில் உட்கார்ந்திருந்தார். இறங்கி ஓடினேன்.

"என்ன அத்தை, நீங்கள் வரவில்லையா?"

"நீ போய்விட்டு வாம்மா. எனக்கு இங்கேயே சேவை ஆகிவிட்டது."

"கையைப் பிடித்துக்கொள்கிறேன், வாருங்கள்."

"கையைப் பிடிக்க நீ இருக்கிறாய், முழங்காலை யார் பிடிப்பது?" என்று சிரித்தார். சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்துக்கொண்டார். "கல்யாணமாகி வந்த வருஷம் இந்தப் படிகளை ஓடி ஏறினவள் நான். உன் மாமாதான் மூச்சு வாங்கிக்கொண்டு பின்னால் வந்தார். இன்றைக்கு என் பெண் மாலையும் கழுத்துமாக மேலே நிற்கிறாள். பக்கத்தில் நான் இல்லையே!"

அத்தைக்கு வயது ஐம்பத்து நான்கு. கிழவியாகி ஒதுங்கிக்கொள்ளும் வயதா அது?

சிறிது நேரம் கழித்து அத்தையே கேட்டார். "பத்திரிகையில் ஊருக்கெல்லாம் யோசனை சொல்கிறாயே. ஒரு மாதத்தில் உடம்பு இளைக்க எனக்கு ஒரு வழி சொல்லேன்!"

எனக்குப் பதில் தெரியவில்லை. ஒரு வருஷம் அத்தையோடு கூடவே இருந்து, டாக்டர்களைக் கேட்டு, ஆராய்ச்சிகளைப் படித்து நான் தெரிந்துகொண்ட பதில்தான் இது. ஒரு மாதத்தில் இளைக்க நல்ல வழி கிடையாது. ஒரு வருஷத்தில் படியேற வழி உண்டு.

அத்தை ஒருவர் மட்டுமா?

"எனக்கு உடம்பு வாகு அப்படி" என்று சொல்லிச் சமாதானப்படுத்திக்கொள்கிறோம். ஆனால் ஒரு ஊரே அந்த வாகாகிவிட்டால்? தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பு என்று ஒன்று நடக்கிறது. 2015-16இல் எடுத்தபோது, தமிழ்நாட்டுப் பெண்களில் நூற்றுக்கு ஏறக்குறைய 31 பேர் அளவுக்கு மீறிய எடையோடு இருந்தார்கள். 2019-21இல் அது 40ஐத் தாண்டிவிட்டது. இந்தியா முழுவதற்கும் எடுத்த சராசரி அப்போது 24தான். ஐந்தே வருஷத்தில் பத்துப் பேரில் மூவர் என்பது நால்வராகிவிட்டது. தெருவில் எதிர்ப்படுகிறவர்களை எண்ணிப் பார்க்க வேண்டாம். நம் வீட்டுக் கண்ணாடியைப் பார்த்தாலே போதும்.

உங்கள் கணக்கை நீங்களே போட்டுக்கொள்ளலாம். எடையைக் கிலோவில் எழுதுங்கள். உயரத்தை மீட்டரில் எழுதி, அதை அதனாலேயே பெருக்குங்கள். எடையை அந்தத் தொகையால் வகுங்கள். அத்தையின் உயரம் 1.52 மீட்டர். பெருக்கினால் 2.31. எடை 70 கிலோ. வகுத்தால் 30 வருகிறது. நம் நாட்டவருக்கு 23ஐத் தொட்டாலே எடை அதிகம்; 25ஐத் தொட்டால் உடற்பருமன் என்று வைத்திருக்கிறார்கள். வெள்ளைக்காரர்களுக்கு இந்த அளவுகள் 25, 30. நமக்கு மட்டும் ஏன் இந்தக் கண்டிப்பு? பார்வைக்கு ஒல்லியாயிருந்தாலும் நம்மவர்களுக்குக் கொழுப்பு வயிற்றில் போய்ச் சேருகிறது. சர்க்கரை வியாதியும் இருதய வியாதியும் சீக்கிரமே வந்துவிடுகின்றன. அதனால்தான்.

கணக்குப் பிடிக்காதவர்களுக்குத் தையல் டேப் இருக்கிறது. கடைசி விலா எலும்புக்கும் இடுப்பு எலும்புக்கும் நடுவில், மூச்சை வெளியே விட்டபடி அளக்க வேண்டும். வயிற்றை எக்கிக்கொள்ளக் கூடாது! பெண்களுக்கு 80 சென்டிமீட்டர், அதாவது ஏறக்குறைய முப்பத்தொன்றரை அங்குலம்; ஆண்களுக்கு 90 சென்டிமீட்டர். அதற்கு மேல் போனால் ஜாக்கிரதை மணி அடிக்கிறது என்று அர்த்தம். அத்தைக்கு முப்பத்தெட்டு அங்குலம். ரத்தப் பரிசோதனையில் மூன்று மாதச் சர்க்கரைச் சராசரி 6.3. இன்னும் வியாதி இல்லை. ஆனால் வாசற்படியில் செருப்பைக் கழற்றிக்கொண்டு நிற்கிறது.

பட்டினிப் படலம்

அத்தை முதலில் என்னைக் கேட்கவில்லை. அடுத்த வீட்டு மாமியைக் கேட்டார். காலையில் பலகாரம் கிடையாது. மத்தியானம் இரண்டு கரண்டி சோறு. சனிக்கிழமை முழுப் பட்டினி. செல்போனில் யாரோ விளம்பரப்படுத்திய பொடியை வேறு வாங்கிக் கரைத்துக் குடித்தார். மூன்று வாரத்தில் இரண்டு கிலோ குறைந்தது. அத்தைக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. நான்காவது வாரம் ஒரு சாயங்காலம், மழை பெய்தது. வாழைக்காய் பஜ்ஜி போட்டார்கள். பிறகு நடந்ததைச் சொல்ல வேண்டுமா? மாதம் முடிவதற்குள் இரண்டு போய் மூன்று திரும்பி வந்தது.

இது அத்தையின் மனவுறுதிக் குறைவு அல்ல. பட்டினி போட்டால் உடம்பு அதைப் பஞ்சகாலம் என்றே எடுத்துக்கொள்கிறது. பசியைத் தூண்டிவிடுகிறது, செலவைச் சுருக்கிக்கொள்கிறது. கொழுப்போடு தசையும் கரைகிறது. சும்மா உட்கார்ந்திருக்கும்போதும் தசை சக்தியைச் செலவழிக்கிறது. அதை இழந்துவிட்டுப் பழையபடி சாப்பிட்டால், சேருவது பெரும்பாலும் கொழுப்பாகத்தான் சேரும்.

பால் கணக்கு நோட்டில் சாப்பாட்டுக் கணக்கு

"நான் அப்படி என்னதான் சாப்பிடுகிறேன்? காக்கை கொத்துகிற மாதிரிதானே!" என்பது அத்தையின் வாதம். இந்த வாதத்தை நம்மில் சொல்லாதவர் யார்? மஞ்சக்குப்பத்தில் அத்தை வீட்டில் இரண்டு நாள் தங்கினேன். பால் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில், அத்தை வாயில் போட்டுக்கொண்டதை எல்லாம் எழுதினேன்.

பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டது குறைவுதான். ஆனால் நாலு வேளைக் காபி. வேளைக்கு இரண்டு ஸ்பூன் சர்க்கரை. ஒரு டீஸ்பூன் சர்க்கரை சுமார் ஐந்து கிராம். ஆக, காபியில் மட்டுமே நாற்பது கிராம். ஒரு நாளுக்கு மொத்தமே இருபத்தைந்து கிராமுக்குள் இருப்பது நல்லது என்கிறார்கள் நிபுணர்கள். பக்கத்திலே நெல்லிக்குப்பத்தில் சர்க்கரை ஆலை இருப்பது வாஸ்தவந்தான். அதற்காக அதை வாழவைக்கும் பொறுப்பை அத்தை ஒருவரே ஏற்றுக்கொள்ள வேண்டுமா? சர்க்கரைக்குப் பதில் வெல்லமோ நாட்டுச் சர்க்கரையோ போட்டுக்கொண்டால் தோஷமில்லை என்று நினைக்காதீர்கள். நிறம்தான் வேறு, கலோரி ஏறக்குறைய ஒன்றே.

அடுத்தது, பண்ருட்டியிலிருந்து சம்பந்தி வீட்டார் கொண்டுவந்த முந்திரி. அலமாரியைத் திறக்கும்போதெல்லாம் நாலு. முந்திரி நல்ல பண்டம்தான்; ஆனால் நாலு நாலாகப் பத்துத் தடவை என்பது நாற்பது அல்லவா?

எல்லாவற்றுக்கும் மேலே, மிச்சம். பையன் தட்டில் வைத்துவிட்டுப் போன அரைத் தோசை. மாமா வேண்டாமென்ற கடைசி வடை. பாத்திரத்தில் ஒட்டிக்கொண்டிருந்த ஒரு கரண்டி சாம்பார் சாதம். "கொட்ட மனசு வரவில்லை" என்றார் அத்தை.

"குப்பைக் கூடையில் போட மனசு வராததை வயிற்றில் போட மட்டும் மனசு வருகிறதா, அத்தை?" என்று கேட்டேன். கொஞ்சம் கோபித்துக்கொண்டார். பிறகு, "எங்கள் அம்மாவும் இப்படித்தான். எல்லோருக்கும் போட்டுவிட்டு மிஞ்சினதைச் சாப்பிடுவாள்" என்றார் மெதுவாக.

சகோதரிகளே! நம் வீடுகளில் பெண்கள் தட்டு நிறையச் சாப்பிட்டுப் பருத்ததைவிட, மிச்சம் சாப்பிட்டுப் பருத்தது அதிகமோ என்று எனக்குச் சந்தேகம். தனக்கென்று ஒரு தட்டு வைத்து, வேண்டியதைப் போட்டுக்கொண்டு, உட்கார்ந்து சாப்பிடுவதைச் சுயநலம் என்று யாரோ நமக்குச் சொல்லிக் கொடுத்துவிட்டார்கள். அன்றிலிருந்து அத்தை வீட்டில் ஒரு சட்டம் போட்டோம். அத்தையும் மற்றவர்களோடு சேர்ந்து உட்கார்ந்து சாப்பிட வேண்டும். மிஞ்சுவது டப்பாவில் அடைத்துக் குளிர்ப்பெட்டிக்குப் போகும். அடுத்த நாளிலிருந்து அந்த அளவுக்கு உலை அரிசி குறையும்.

சப்பாத்தி சொன்ன சமாதானம்

"ராத்திரி சோற்றை விட்டுவிட்டேன், சப்பாத்திதான்" என்று பெருமையாகச் சொல்லாத வீடு இன்று உண்டா? அத்தையும் சொன்னார். எத்தனை என்று கேட்டேன். நாலு, தொட்டுக்கொள்ள உருளைக்கிழங்கு!

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழுமத்தின் ஆதரவில் நாடு முழுவதும் நடந்த ஆராய்ச்சி ஒன்றின் முடிவு 2025இல் வெளிவந்தது. நாம் பெறும் சக்தியில் நூற்றுக்கு 62 பங்கு மாவுச்சத்திலிருந்தே வருகிறது. புரதம் 12 பங்குதான். அரிசியை நிறுத்திவிட்டுக் கோதுமை மாவுக்கோ சிறுதானிய மாவுக்கோ மாறினால் மட்டும் சர்க்கரை வியாதி அபாயம் குறைந்துவிடுவதில்லை. மாவுச்சத்தின் மொத்த அளவைக் குறைத்து, அந்த இடத்தில் பருப்பு, பயறு, பால், தயிர் போன்றவற்றின் புரதத்தை வைத்தால் குறையும் வாய்ப்பு உண்டு என்பது அதன் சாரம். அரிசியின் மேல் பழியைப் போட்டுவிட்டுக் கோதுமையோடு கூட்டுச் சேர்ந்தால், வழக்கு நம் பக்கம் ஜயிக்காது.

பின்னே எப்படிச் சாப்பிடுவது? நம் வாழை இலையே வழி காட்டுகிறது. இலையின் மேல்பாதி கறி, கூட்டு, பச்சடிக்கு, கீழ்ப்பாதிதான் சோற்றுக்கு. பெரியவர்கள் வகுத்த பாகப்பிரிவினை அது! நாம்தான் கீழ்ப்பாதிச் சோற்றை மலையாகக் குவித்துவிட்டு, மேல்பாதியில் ஒரு ஸ்பூன் கறியும் இரண்டு அப்பளமும் வைக்கிறோம். அத்தை வீட்டில் இப்போது தட்டில் பாதி காய். கால் பங்கு சோறு அல்லது இரண்டு சப்பாத்தி. மீதிக் கால் பங்கு பருப்போ, சுண்டலோ, முளைகட்டிய பயறோ. முட்டையும் மீனும் சாப்பிடும் வீடுகளில் அவையும் ஆகும். கடலூர்க்காரர்களுக்கு மத்தியும் கானாங்கெளுத்தியும் கிடைக்காமலா போய்விடும்? குழம்பாக வைத்தால் லாபம். வறுவலாகப் போட்டால் எண்ணெய்க்கடைக்காரருக்கு லாபம்.

எண்ணெய்க்கும் ஒரு சுலபமான கணக்கு உண்டு. தலைக்கு மாதம் அரை லிட்டர் என்று பல டாக்டர்கள் சொல்வார்கள். அத்தை வீட்டில் மூன்று தலைகள். ஆகவே ஒன்றரை லிட்டர். மளிகைச் சீட்டைப் பார்த்தால் நாலு லிட்டர்! ஒரு மேசைக் கரண்டி எண்ணெயில் ஏறக்குறைய 120 கலோரி இருக்கிறது. ஊற்றுகிற கையை நிறுத்தி, மாதத்துக்கு இவ்வளவு என்று தனிப் பாட்டிலில் எடுத்து வைத்தோம். இப்போது இரண்டேகால் லிட்டரில் ஓடுகிறது. ஒன்றரைக்கு இன்னும் வரவில்லை. பரவாயில்லை.

ருசி போய்விடும் என்று மாமா பயந்தார். அத்தைக்குப் பிறந்த வீடு சிதம்பரம். அந்த ஊர்க் கொத்சுவில் கைதேர்ந்தவர். கத்திரிக்காயை எண்ணெயில் வதக்காமல் தணலில் சுட்டு, தோலுரித்து மசித்து, புளி கரைத்து விட்டு, வறுத்து அரைத்த மல்லி, மிளகாய், கடலைப்பருப்புப் பொடி தூவி, ஒரே ஒரு ஸ்பூன் நல்லெண்ணெயில் தாளித்துக் கொட்டினார். இரண்டு இட்லிக்கு ஒரு கிண்ணம் கொத்சு. முன்பு இட்லி ஆறு, கொத்சு இரண்டு ஸ்பூன் என்றிருந்தது, இப்போது தலைகீழ். மாமா பேசாமல் சாப்பிட்டுவிட்டு, "நாளைக்கும் இதுதானே?" என்றார்.

காலை ஆறு மணிக்குக் காபி யார் போடுவது?

சாப்பாட்டைச் சரி செய்ததுகூடச் சுலபம். நடக்க வைப்பதுதான் பெரும்பாடாகிவிட்டது. அத்தைக்கு மூன்று ஆட்சேபணைகள். "நாள் முழுக்க வீட்டில் நடந்துகொண்டுதானே இருக்கிறேன்?" என்பது முதலாவது. சமையலறைக்கும் கூடத்துக்கும் நடப்பது நடைதான். ஆனால் மூச்சு கொஞ்சம் வேகமாகி, பேச முடியும், பாட முடியாது என்ற அளவுக்கு நடந்தால்தான் இருதயத்துக்குப் பயிற்சி. வாரத்துக்கு 150 நிமிஷமாவது அப்படி நடக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் யோசனை. வாரத்தில் ஐந்து நாள், நாளைக்கு அரைமணி. ஒரே மூச்சில் நடக்க முடியாதவர்கள் பத்துப் பத்து நிமிஷமாகப் பிரித்துக்கொள்ளலாம்.

இரண்டாவது ஆட்சேபணை: "புடவையைக் கட்டிக்கொண்டு ஷூவா? ஊர் சிரிக்காதா?" மூன்றாவதுதான் உண்மையான ஆட்சேபணை. "காலையில் ஆறு மணிக்கு நான் வெளியே போய்விட்டால் உன் மாமாவுக்குக் காபி யார் போடுவது?"

இதற்கு நான் பதில் சொல்லவில்லை. ஒரு கதை சொன்னேன். உண்மைக் கதைதான்.

சென்னை திருமங்கலத்தில் ஏஷியாட் காலனி என்று ஒரு குடியிருப்பு. டாக்டர் வி. மோகனும் அவருடைய குழுவினரும் 1990களில் அங்கே சர்க்கரை வியாதி பற்றி ஆராய்ச்சி நடத்தினார்கள். ரத்தத்தைச் சோதித்ததோடு நின்றுவிடாமல், நடக்க வேண்டும், உடற்பயிற்சி வேண்டும் என்று திரும்பத் திரும்ப எடுத்துச் சொன்னார்கள். குடியிருப்பவர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? தங்களுக்குள்ளேயே பணம் வசூலித்து, நடப்பதற்கென்று பாதையுடன் ஒரு பூங்காவையே அமைத்துவிட்டார்கள்! ஆராய்ச்சி தொடங்கியபோது வாரத்தில் மூன்று தடவைக்கு மேல் உடற்பயிற்சி செய்தவர்கள் நூற்றுக்குப் பதினான்கு பேர்தான். சில வருஷங்கள் கழித்துப் பார்த்தபோது ஐம்பத்தெட்டுப் பேருக்கு மேல்.

இதில் எனக்குத் தெரிந்த பாடம் ஒன்று. தனியாக ஒருத்தி நடந்தால் ஊர் சிரிக்கும். நாலு பேர் சேர்ந்து நடந்தால் ஊரும் கூட வரும். அத்தை, அடுத்த வீட்டு மாமியை (அந்தப் பட்டினி யோசனை சொன்ன அதே மாமியைத்தான்!) கூட்டுச் சேர்த்துக்கொண்டார். பிறகு எதிர் வீட்டு டீச்சர். மஞ்சக்குப்பம் மைதானத்தைச் சுற்றி மூன்று பேர் நடக்க ஆரம்பித்தார்கள். இப்போது ஏழு பேர். ஞாயிற்றுக்கிழமைகளில் தேவனாம்பட்டினம் கடற்கரைக்குப் போகிறார்களாம். புடவைக்கு ஷூ பொருந்தவில்லை என்று யாரும் சொல்லவில்லை. எங்கே வாங்கினீர்கள் என்றுதான் கேட்டார்களாம்.

காபி என்ன ஆயிற்று? முதல் நாள் மாமா அத்தை திரும்பி வரும்வரை காத்திருந்தார். இரண்டாம் நாள் டிகாக்‌ஷன் எங்கே என்று கேட்டுக்கொண்டார். மூன்றாம் நாள் தாமே போட்டுக் குடித்தார். ஒரு வாரம் கழித்து, அத்தைக்கும் ஒரு டம்ளர் போட்டு மூடி வைத்திருந்தார், அரை ஸ்பூன் சர்க்கரையோடு! முப்பது வருஷமாக அது தம்மால் முடியாத காரியம் என்று அவரும் நினைத்திருந்தார், அத்தையும் நினைத்திருந்தார்.

நடையோடு இன்னொன்றும் வேண்டும். தசைக்கு வேலை கொடுக்கும் பயிற்சி, வாரத்தில் இரண்டு நாளாவது. அதற்குக் கூடம் தேடிப் போக வேண்டியதில்லை. கைப்பிடியில்லாத நாற்காலியில் உட்கார்ந்து, கையை ஊன்றாமல் எழுந்து, மறுபடி உட்கார வேண்டும். இப்படிப் பத்துத் தடவை. சமையல் மேடையைப் பிடித்துக்கொண்டு குதிகாலைத் தூக்கி இறக்குவது பத்துத் தடவை. சுவரில் கையை வைத்துத் தள்ளுவது பத்துத் தடவை. குக்கர் மூன்று விசில் அடிப்பதற்குள் எல்லாம் முடிந்துவிடும். மாதவிலக்கு நிற்கும் வயதில் தசையும் எலும்பும் வேகமாகக் குறைய ஆரம்பிக்கின்றன. அந்த வயதினருக்கு இது மிகவும் அவசியம்.

தராசு சொல்லாத சமாசாரம்

ஆறு மாதம் ஆயிற்று. ஒரு நாள் அத்தையிடமிருந்து டெலிபோன். குரலில் சுரத்தே இல்லை. "இவ்வளவு செய்தும் இரண்டு கிலோதான் குறைந்திருக்கிறது. எல்லாம் வீண். விட்டுவிடப் போகிறேன்."

இந்த இடத்தில்தான் நம்மில் அநேகர் விட்டுவிடுகிறோம். அத்தைக்குச் சொன்னதையே உங்களுக்கும் சொல்கிறேன்.

சென்னையில் டாக்டர் ஏ. ராமச்சந்திரனும் அவருடைய குழுவினரும் செய்த ஆராய்ச்சி ஒன்று 2006இல் வெளியாயிற்று. அத்தையைப் போலச் சர்க்கரை வியாதியின் வாசற்படியில் நின்ற 531 பேரை எடுத்துக்கொண்டார்கள். ஒரு பிரிவினருக்கு வழக்கமான யோசனையோடு சரி. இன்னொரு பிரிவினருக்குச் சாப்பாட்டைச் சீர்படுத்தி, தினமும் அரைமணி நடக்கவைத்து, விடாமல் கவனித்து வந்தார்கள். மூன்று வருஷத்தில் முதல் பிரிவில் நூற்றுக்கு 55 பேருக்குச் சர்க்கரை வியாதி வந்துவிட்டது. நடந்தவர்களில் 39 பேருக்கு. மாத்திரை சாப்பிட்ட பிரிவினருக்குக் கிடைத்ததும் ஏறக்குறைய இதே பலன்தான்.

இதில் வேடிக்கை என்னவென்றால், நடந்தவர்களுடைய எடை குறிப்பிடும்படியாகக் குறையவே இல்லை! ஆனாலும் வியாதி தள்ளிப்போயிற்று. தராசு முள் அசையாவிட்டாலும் உடம்புக்குள்ளே காரியம் நடந்துகொண்டுதான் இருக்கிறது. நடக்கிற தசை, ரத்தத்திலுள்ள சர்க்கரையை எடுத்துச் செலவழிக்கிறது. அதைத் தராசு நிறுத்துச் சொல்லாது.

முழங்காலுக்கு இன்னொரு கணக்கு. அமெரிக்காவில், மூட்டுத் தேய்மானமுள்ள பருமனான முதியவர்களை நடக்கவிட்டு அளந்து பார்த்து 2005இல் வெளியிட்டார்கள். எடை ஒரு கிலோ குறைந்தால், எடுத்து வைக்கும் ஒவ்வோர் அடியிலும் முழங்காலின் மேல் விழும் சுமை நாலு கிலோ குறைகிறதாம். "இரண்டு கிலோ குறைந்தால் எட்டுக் கிலோ, அத்தை! எட்டுக் கிலோ அரிசி மூட்டையைத் தலையிலிருந்து இறக்கி வைத்திருக்கிறீர்கள்" என்றேன். கொஞ்ச நேரம் பேச்சில்லை. பிறகு, "சரி, நாளைக்கும் போகிறேன்" என்றார்.

ஒரு வார்த்தை, எச்சரிக்கையாக

இதைப் படித்துவிட்டு நாளைக்கே படியேற ஓடாதீர்கள். நெஞ்சு வலி, மூச்சுத் திணறல், இரத்த அழுத்தம், முழங்கால் வீக்கம் உள்ளவர்கள் முதலில் டாக்டரைப் பாருங்கள். சர்க்கரைக்கு மாத்திரையோ ஊசியோ போட்டுக்கொள்பவர்கள், அவரைக் கேட்காமல் பட்டினி இருக்கவே கூடாது; சர்க்கரை திடீரென்று இறங்கி மயக்கம் வரலாம். காரணமில்லாமல் எடை ஏறினால் தைராய்டு முதலியவற்றைச் சோதித்துக்கொள்ளுங்கள். சிறு பெண்களுக்கு மாதவிலக்கு ஒழுங்கில்லாமல் எடையும் கூடினால், "கல்யாணமானால் சரியாகிவிடும்" என்று தள்ளிப்போடாதீர்கள். இன்ன தேதிக்குள் இத்தனை கிலோ என்று சத்தியம் செய்யும் பொடிகளைக் கடைக்காரரிடமே விட்டுவிடுங்கள். இன்னொன்று: பருமனாயிருக்கும் பெண்ணைப் பந்தியில் வைத்துக் கேலி செய்து யாரும் இளைக்க வைத்ததில்லை. ஒளிந்து சாப்பிடக் கற்றுக்கொடுத்ததுதான் மிச்சம்.

இந்தத் தை மாதம் மறுபடியும் திருவந்திபுரம் போனோம். பெண்ணும் மாப்பிள்ளையும் வந்திருந்தார்கள். அத்தையின் எடை 66½ கிலோ. வருஷம் முழுவதற்கும் குறைந்தது மூன்றரைதான். இடுப்புச் சுற்றளவு முப்பத்தைந்து. சர்க்கரைச் சராசரி 5.9. மூன்றுமே இன்னும் இறங்க வேண்டியவைதான்.

கோயிலில் சேஷ தீர்த்தம் என்று ஒரு கிணறு. வேண்டிக்கொண்டவர்கள் அதில் உப்பும் மிளகும் வெல்லமும் போடுவது வழக்கம். அத்தை பொட்டலத்தைப் பிரித்துப் போட்டுவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தார். "உப்பையும் வெல்லத்தையும் எங்கே போட வேண்டும் என்று பெருமாளுக்கு அப்போதே தெரிந்திருக்கிறது. எனக்குத்தான் இப்போது தெரிகிறது" என்றார்.

பிறகு ஔஷதகிரி. முதல் படியில் ஒரு நிமிஷம் நின்றார். போன வருஷம் உட்கார்ந்திருந்த அதே இடம். நான் கையை நீட்டினேன். "வேண்டாம், நீ பின்னால் வா" என்று ஏறத் தொடங்கினார். இருபத்தைந்தாவது படியில் நின்றார்; ஐம்பதாவது படியில் நின்றார்; அறுபதைத் தாண்டி இன்னொரு தடவை நின்று முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். மேலே போய்ச் சேர்ந்தபோது, பெண் ஓடிவந்து அம்மாவைக் கட்டிக்கொண்டாள். மாமா இன்னும் நாற்பதாவது படியில் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார்.

"நாளையிலிருந்து உங்கள் மாமாவையும் மைதானத்துக்குக் கூட்டிப் போகப் போகிறேன்" என்றார் அத்தை.

"அப்படியானால் காபி யார் போடுவது?" என்று கேட்டேன்.

"வந்து இரண்டு பேருமாகப் போட்டுக்கொள்கிறோம். உனக்கென்ன?" என்றார் அத்தை.

உங்கள் வீட்டுப் பக்கத்திலும் ஏற முடியாமல் விட்டுவிட்ட ஒரு படிக்கட்டு இருக்கும். எத்தனை படி என்று எண்ணி எனக்கு எழுதுங்கள், சகோதரிகளே! ஏறி முடித்த பிறகு இன்னொரு கடிதம் போடுங்கள். அடுத்த வாரம் சந்திப்போம்.